ஒரே மீனுக்கு இரண்டு வயது

முதலில் சுந்தரவல்லி தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள்.

சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத மீன் அது. வலது காதுக்குள் இருந்த கல்லைக் கேட்டால் எனக்கு இருநூற்றுப் பதினான்கு நாள் வயது என்றது. இடது காதுக்கல் நூற்று நாற்பத்தாறு என்றது. ஒரு பக்கம் முன்னாடி பிறந்து, மறுபக்கம் இரண்டு மாதம் கழித்துப் பிறக்கிற ஜீவன் எங்காவது உண்டா? கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்துவிட்டு வலது கல்லை மறுபடியும் எண்ணினாள். இருநூற்றுப் பதினான்கு.

கண்மேல் தப்பில்லை என்று ஆனதும் சந்தேகம் ஆட்கள்மேல் திரும்பியது. அது அவளுக்குப் பழகிய தடம்தான்.

சாத்தூர்ப் பக்கம் அவள் தெருவில் முதன்முதலில் எழுத்துக் கூட்டிப் படித்தது அவள். அப்பாவும் அம்மாவும் தீப்பெட்டி ஆபீஸில் வேலை. அவள் நாலாம் வகுப்புக்கு வந்ததிலிருந்து தெருவில் யாருக்கு எந்தக் காகிதம் வந்தாலும் அவளிடம் வரும். என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. "இதுல என்ன வில்லங்கம் இருக்குன்னு பாரு தாயி" என்றுதான் நீட்டுவார்கள். பஞ்சாயத்து நோட்டீஸ் என்றால் சரி, கல்யாணப் பத்திரிகையில்கூட யார் பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள் என்று பார்க்கச் சொல்வார்கள். எழுத்துக்குள் எதையோ ஒளித்திருப்பார்கள், படிப்பு என்பது அதைக் கண்டுபிடிப்பது என்றே அவள் வளர்ந்தாள். விலங்கியலில் எம்.எஸ்சி. முடித்த பிறகும் வேறு மாதிரி படிக்க வரவில்லை. இது படிப்பு கொடுத்த புத்தியா, வெறும் குணக்கேடா என்று சில நாள் தன்னையே கேட்டுக்கொள்வாள். பதில் கிடைத்ததில்லை.

வெங்காயம் தங்கமாக விற்ற 1998 நவம்பரில் தில்லிக்கு வந்தாள். லோதி ரோட்டில் ஓர் அரசு அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் ஒரு ஆராய்ச்சித் திட்டம், அதில் தற்காலிக உதவியாளர் வேலை. பிப்ரவரி கடைசி வரைக்கும்தான் உத்தரவு. வேலை சரியாக இருந்தால் நீட்டிப்பார்கள், இல்லையென்றால் ரயில் ஏற வேண்டியதுதான். ரயில் ஏறினால் ஊரில் என்ன காத்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். "எம்.எஸ்சி. படிச்சு என்னத்தக் கிழிச்சே" என்று கேட்க ஒரு தெருவே இருந்தது.

அரபிக் கடலில் பிடித்த மீனை, கடலே இல்லாத தில்லியில் வைத்து எதற்கு ஆராய வேண்டும்? வந்த இரண்டாம் நாளே அவள் இதைக் கேட்டுவிட்டாள். அவளுடைய மேலதிகாரி ஹரிஷங்கர் சிரித்தார்.

"நல்ல மைக்ராஸ்கோப் இங்க வாங்கிட்டாங்க. மைக்ராஸ்கோப்ப கடலுக்கு அனுப்ப ஃபைல் போட்டோம், நகரல. மீன இங்க கொண்டுவர ஃபைல் போட்டோம், நகர்ந்துடுத்து. சமஜ் கயீ? சர்க்காரி காம், அரசாங்க வேலைன்னா அப்படித்தான்."

ஹரிஷங்கருக்கு நாற்பது வயதிருக்கும். தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவர். தஞ்சாவூர்ப் பூர்வீகம் என்பார், தஞ்சாவூரை இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறார். தமிழ் பேசுவார், படிக்க வராது. முதல் நாள் அவளிடம், "எந்த ஊர் நீங்க? சாத்தூரா? அச்சா, அங்க யாரு?" என்று கேட்டார். 'யாரு' என்ற அந்தச் சொல் அவளுக்கு முள்ளாகக் குத்தியது. ஊரைக் கேட்டபின் வருகிற 'யாரு' எதற்கு என்று அவளுக்குத் தெரியும். "எங்க அப்பா அம்மா சார்" என்று மொட்டையாகச் சொல்லிவிட்டு அன்றே அவரைச் சந்தேகக் கணக்கில் எழுதிவிட்டாள்.

மீனின் பெயர் பெந்தோசீமா டெரோட்டம். ஆபீஸில் லேன்டர்ன் ஃபிஷ். அவள் மனசுக்குள் விளக்குமீன் என்று வைத்துக்கொண்டாள். சாராயப் புட்டியில் வந்து சேரும்போது அது பார்க்க ஒன்றுமில்லாத மீன். செதில் பாதி உதிர்ந்து, கண் வெளுத்து, ஊறிப்போய்க் கிடக்கும். ஃபார்மலினில் போட்டால் காதுக்கல் கரைந்துவிடும் என்பதால் சாராயம். வயிற்றிலும் விலாவிலும் மட்டும் வரிசையாகச் சின்னச் சின்னப் பொட்டுகள், சட்டையில் தைத்த முத்துப் பொத்தான் மாதிரி. உயிரோடு இருக்கும்போது அவைதான் விளக்குகள்.

அந்த விளக்கு எதற்கு என்று படித்த அன்றைக்கு அவளுக்கு மீன்மேல் ஒரு மரியாதை வந்தது. பளிச்சென்று தன்னைக் காட்டிக்கொள்ள இல்லை, ஒளிந்துகொள்ள. கடலின் மங்கலான பகுதியில், கீழே இருக்கும் கணவாயோ சூரையோ அண்ணாந்து பார்த்தால், மேலிருந்து வரும் மெல்லிய வெளிச்சத்துக்கு நடுவே குட்டி மீன் கருப்பாகத் தெரிந்துவிடும். அதனால் அது வயிற்று விளக்கை அந்த வெளிச்சத்துக்குச் சமமாக ஏற்றிக்கொண்டு நிழலை அழித்துவிடும். ஆணுக்கு வால்பக்கம் மேலே ஒரு விளக்கு, பெண்ணுக்குக் கீழே ஒன்று. பகல் முழுக்க இருநூறு, முந்நூறு மீட்டர் ஆழத்தில், மற்ற மீன்களுக்கு மூச்சு முட்டுகிற அளவு பிராணவாயு குறைந்த தண்ணீரில் கிடக்கும். துரத்துகிறவன் அங்கே அதிக நேரம் தங்க மாட்டான் என்ற தைரியம். பொழுது சாய்ந்தால் கோடிக்கணக்கில் மேலே ஏறி வந்து, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான இறால்வகைப் பூச்சிகளைத் தின்றுவிட்டு, விடிவதற்குள் இறங்கிவிடும். அந்தக் காலத்துக் கப்பல்காரர்கள் ஒலியை அனுப்பி ஆழம் பார்த்தபோது, கடலின் தரை பகலில் ஓர் இடத்திலும் இருட்டியபின் ஓர் இடத்திலும் இருப்பதைக் கண்டு மிரண்டார்களாம். மீன்கூட்டத்தின் காற்றுப்பையில் பட்டு ஒலி திரும்பி வந்து தரை என்று ஏமாற்றியிருக்கிறது.

யாரையும் நம்பாமல் பிழைக்கிற மீன் என்று அவளுக்குப் பட்டது.

இதைப் பெருவாரியாகப் பிடித்துக் கோழித்தீவனத்துக்கு அரைக்கலாமா என்று மேலே யோசித்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு முதலில் அதன் ஆயுள் தெரிய வேண்டும். மீனின் உள்காதில் கடுகைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு கல் இருக்கிறது. இரண்டு காதிலும் உண்டு. மீன் வளர வளர, நாளுக்கு ஒரு மெல்லிய வளையம் கல்லில் ஏறும். மரத்தில் ஆண்டு வளையம் மாதிரி, இதில் நாள் வளையம். கல்லைக் கண்ணாடிச் சில்லில் ஒட்டி, தேய்த்து மெலிதாக்கி, மைக்ராஸ்கோப்பில் எண்ணினால் வயது நாள்கணக்கில் வந்துவிடும். 

வேலை இப்படிப் பிரிந்திருந்தது. சுந்தரவல்லி நாளைக்குப் பன்னிரண்டு மீனின் தலையைப் பிளந்து கற்களை எடுப்பாள். வலது கல்லை அவளே தேய்த்து அவளே எண்ணுவாள். இடது கல்லை நகப்பாலிஷால் சில்லில் ஒட்டி, சில்லின் மூலையில் ஒட்டும் துண்டுச் சீட்டில் ஆங்கில எழுத்தில் கல் என்றும் அதன் எண்ணும் போட்டு, தட்டில் வைத்துப் பூரன் சிங்கிடம் கொடுப்பாள். அவர் தேய்த்து, தட்டில் தேதிச் சீட்டு வைத்து ஹரிஷங்கரிடம் கொடுப்பார். ஹரிஷங்கர் எண்ணுவார். ஒருவர் எண்ணிக்கை மற்றவருக்குத் தெரியக் கூடாது. கடைசியில் இரண்டு பட்டியலையும் ஒப்பிட்டால் நாலைந்து வளையத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. வித்தியாசம் வந்தால் எண்ணியவர்களில் ஒருவருக்கு எண்ணத் தெரியவில்லை என்று அர்த்தம்.

பூரன் சிங் கட்வால் மலைக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். இங்கே வரும் முன் பாறைத் துண்டுகளைத் தேய்க்கிற பட்டறையில் இருந்தவர், கையில் தனிப் பக்குவம். அவருக்கு இந்தி தெரியும், ஆங்கில எழுத்து கூட்டிப் படிப்பார். அவளுக்கு அப்போது இந்தியில் 'பானி'யும் 'கித்னா'வும் மட்டும் தெரியும். முதல் நாள் தட்டை வாங்கிச் சீட்டைப் பார்த்தவர் விரலால் தொட்டு, "கல்?" என்றார்.

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஹாங், கல்" என்றாள்.

"டீக் ஹை மேடம். கல்" என்று தலையாட்டிவிட்டுப் போனார். நம்ம பாஷையில் ஒரு வார்த்தை கற்றுக்கொண்டாரே என்று அன்று பூராவும் அவருக்கு இரண்டு தடவை சிரித்துக் காட்டினாள்.

ஐந்து வாரம் கழித்து ஜனவரியில் பட்டியல்களை ஒப்பிட்டபோதுதான் ஒரே மீனுக்கு இரண்டு வயது வந்தது. ஒரு மீனுக்கு மட்டும் இல்லை. டிசம்பர் ஏழாம் தேதி ஒன்றாம் மீன், வலது 214, இடது 146. இரண்டாம் மீன் 131, 190. மூன்றாவது 178, 120. ஐந்து வாரத்து மீனில் பத்தில் ஒன்றுகூடச் சேரவில்லை.

"ஏதோ கட்பட் இருக்கு, எங்கயோ குழப்பம்" என்றார் ஹரிஷங்கர். குரலில் கோபம் இல்லை. கோபம் இல்லாததுதான் அவளை உறுத்தியது. "நீங்க எப்படி எண்ணறீங்க? நடுவுலேர்ந்தா, ஓரத்துலேர்ந்தா?"

"நடுவுல இருந்துதான் சார். ரெண்டு தரம் எண்ணுவேன்."

"அச்சா." அவ்வளவுதான். ஏதோ ஒரு தாளில் இரண்டு வரி எழுதி மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

அந்தப் பூட்டுச் சத்தம் அவளோடு வீடு வரைக்கும் வந்தது.

அவள் தங்கியிருந்தது லோதி காலனியில் ஜோதிலிங்கம் அண்ணாச்சி வீட்டில். ராணுவ அமைச்சகத்தில் கிளார்க், விருதுநகர்க்காரர். சொந்தக்காரர் இல்லை, ஊர்க்காரர் என்ற உரிமைதான். அவர் மனைவி லீலாவதி அடுப்பில் தோசைக்கல்லைப் போட்டபடியே கேட்டாள்.

"ஏத்தா வல்லி, மூஞ்சி ஏன் சுண்டிப்போயிருக்கு? அந்த அதிகாரி திட்டினானா?"

"திட்டினாத் தேவலையே அக்கா. திட்டாம எழுதி வைக்காரு."

"அப்ப சூதானமா இரு. எழுதி வைக்கிறவன் ஏதோ கணக்குப் போட்டுத்தான் வைப்பான்."

"நீ சும்மா இரு லீலா, இருக்கிற நெருப்புல எண்ணெய ஊத்தாத" என்றார் அண்ணாச்சி. ஆனால் எண்ணெய் ஏற்கெனவே ஊற்றியாகிவிட்டது.

மறுநாளிலிருந்து வல்லி வளையத்தை எண்ணியதைவிட ஆட்களை எண்ணியதுதான் அதிகம். பூரன் சிங் தட்டுகளைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டுகிறார், எதற்கு? அன்றன்றைக்குக் கொடுப்பதை அன்றன்றைக்குத் தேய்ப்பதில்லை, ஏன்? ஹரிஷங்கரும் அவரும் இந்தியில் பேசிச் சிரிக்கிறார்கள். சிரிப்பில் ஒரு தடவை 'மத்ராஸி' என்ற சொல் கேட்டது. ஹரிஷங்கரே மத்ராஸிதானே என்பது அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

ஒருநாள் ஜ்யோத்ஸ்னா என்று ஒரு பெண் வந்தாள். இவள் வயதுதான். ஹரிஷங்கர் அவளை நீ, வா என்றார். மேஜைமேல் அவளுடைய மார்க் ஷீட் நகல்கள் விசிறியாகப் பரப்பிக் கிடந்தன. எம்.எஸ்சி., விலங்கியல். போகிற போக்கில் மைக்ராஸ்கோப்பில் கண் வைத்துப் பார்த்து, "ஹை, எவ்ளோ அழகா இருக்கு மாமா" என்றாள்.

வல்லிக்குக் கணக்கு முடிந்துவிட்டது. இடது கல்லுக்கு வாய்க்கு வந்த எண்ணை எழுதி, இவளுக்கு எண்ணத் தெரியாது என்று காட்டி, பிப்ரவரியோடு அனுப்பிவிட்டு மருமகளை உட்கார வைக்கப் போகிறார். பூரன் சிங் அதற்குக் கூட்டு. எங்க தெருவுக்கு இந்த ஊரில் அப்படி ஒரு மாமா இல்லையே என்று கழிவறையில் நின்று கொஞ்சம் அழுதாள். முகம் கழுவிக்கொண்டு வந்து, தனி நோட்டில் தேதிவாரியாக எல்லாவற்றையும் எழுத ஆரம்பித்தாள்.

புகார் நாலு பத்தி வந்தது. இடது காதுக்கற்கள் மாற்றப்படுகின்றன அல்லது எண்ணப்படாமலே எண் எழுதப்படுகிறது என்று நல்ல ஆங்கிலத்தில் எழுதினாள். ஹரிஷங்கர் பெயரும் பூரன் சிங் பெயரும் இருந்தன. டைரக்டர் மேடத்தின் அறையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கும்போது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒருமுறையாவது நேரே கேட்டிருக்கலாமோ என்று ஒரு படியில் தோன்றியது. கேட்டால் உஷாராகிவிடுவார்கள் என்று அடுத்த படியில் சமாதானம் வந்தது.

ஆறாம் நாள் பூரன் சிங் அவள் மேஜைக்கு வந்தார். கையில் ஒரு பழுப்பு உறை.

"மேடம், அங்க்ரேஸி மே ஹை. பட் தீஜியே" என்றார்.

படித்துச் சொல்லச் சொல்கிறார். அதற்குள் அந்த அளவு இந்தி அவளுக்கு வந்திருந்தது. உறையைப் பிரித்தாள். மெமோ. ஆராய்ச்சிப் பொருள்களை மாற்றியதாகவும் மறைத்ததாகவும் புகார் வந்திருக்கிறது, மூன்று நாளுக்குள் விளக்கம் தரவேண்டும், தவறினால் ஒழுங்கு நடவடிக்கை. யார் கொடுத்த புகார் என்று அதில் இல்லை. வார்த்தைகள் மட்டும் அவளுடையவை. அவள் தேடித் தேடிப் போட்ட சொற்களை அப்படியே எடுத்திருந்தார்கள்.

"க்யா லிக்கா ஹை?" என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார் அவர். முகத்தில் பயம் இல்லை, எப்போதும்போல மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நின்றார்.

எத்தனையோ பேருக்குக் காகிதம் படித்துச் சொன்னவள் அன்று காகிதத்தை மறுபடி மடித்தாள். "ஸ்லைட்... ஸ்லைட் பாரே மே பூச்தே ஹைன். ஜவாப் தேனா ஹை. தீன் தின்" என்று, ஸ்லைடு பற்றிக் கேட்கிறார்கள், மூன்று நாளில் பதில் வேண்டும் என்ற பாதியைச் சொல்லி மறுபாதியை விழுங்கினாள்.

"அச்சா. ஜவாப் ஆப் லிக் தேங்கி?" பதிலையும் அவளே எழுதித் தரவேண்டுமாம்.

அவள் சரி என்று தலையாட்டினாள். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

அன்று மாலை வீட்டுக்கு வந்து ஸ்வெட்டரைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அண்ணாச்சியின் மகள் கவிப்ரியா பன்னிரண்டாம் வகுப்பு. தில்லியில் பிறந்த பிள்ளை. தமிழில் பேசுவாள், பெயர் மட்டும் எழுதுவாள். அவள் வந்து ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உடைத்துக்கொண்டே வல்லியின் கையைப் பார்த்துச் சிரித்தாள்.

"அக்கா, நாளைக்கு ஏழு மணிக்கு என்ன? அலாரமா? கையிலயே ஒட்டி வச்சிருக்கீங்க!"

"எது?"

கவிப்ரியா ஸ்வெட்டர் கையில் ஒட்டியிருந்த துண்டுச் சீட்டை உரித்து நீட்டினாள். ஆபீஸில் நகப்பாலிஷ் ஈரத்தோடு ஒட்டிக்கொண்டு வந்த சீட்டு. ஆங்கிலப் பெரிய எழுத்தில் கே, ஏ, எல். பக்கத்தில் ஏழு.

"இது கல்லு. மீனோட காதுக்கல். ஏழாம் நம்பர்."

"கல்லா? எனக்கு 'கல் சாத்' னு தெரிஞ்சுது. நாளைக்கு ஏழுன்னு." அவள் கடலைத் தோலை ஊதினாள். "கல்லுக்கு இந்தில பத்தர்க்கா. கல்னா நாளைக்கு. நேத்திக்கும் அதேதான். இவ்ளோ மாசமாச்சு, இதுகூடத் தெரியாதா?"

தெரியும். கடையிலும் பஸ்ஸிலும் நூறு தடவை கேட்ட வார்த்தை. ஆனால் சீட்டில் எழுதும்போது அவள் கை தமிழில் எழுதிக்கொண்டிருந்தது. வந்த மூன்றாம் வாரம், இந்தி ஒன்றும் தெரியாத நாளில் ஆரம்பித்ததைப் பிறகு ஒருமுறைகூட அவள் வாசித்துப் பார்க்கவில்லை. ஊரார் எழுத்தையெல்லாம் சல்லடை போட்டுப் பார்த்தவள் தன் எழுத்தைப் பார்க்கவில்லை.

"ஏன்க்கா ஒரு மாதிரி ஆயிட்டீங்க?"

"ஒண்ணுமில்ல. நீ கடலையத் தின்னு."

மறுநாள் ஆபீஸ் திறக்கும் முன்பே, பனிமூட்டத்தில் எதிரில் வருகிற ஆள் தெரியாத காலையில், லோதி ரோட்டில் போய் நின்றாள். உள்ளே போனதும் இரண்டு பட்டியலையும் விரித்தாள். சில்லின் மூலையில் இடம் கொஞ்சம்தான் என்பதால் அவள் தினமும் ஒன்றிலிருந்தே எண் போட்டிருந்தாள். தேதி தட்டில் வைக்கிற சீட்டில் மட்டும்தான், அதை எழுதுவது பூரன் சிங். சீட்டில் 'நாளை' என்று இருந்தால் அவர் என்ன தேதி போடுவார்? இடது பட்டியலை ஒருநாள் தள்ளி வைத்தாள்.

டிசம்பர் ஏழு, வலது 214, 131, 178. டிசம்பர் எட்டு, இடது 212, 133, 178.

அடுத்த நாள். அதற்கடுத்த நாள். வெள்ளிக்கிழமை வலதுக்குத் திங்கட்கிழமை இடது. எல்லாம் சேர்ந்தன. ஒன்று, இரண்டு, மிஞ்சினால் நாலு வளையம் வித்தியாசம். அவளும் ஹரிஷங்கரும் ஐந்து வாரமாக ஒரே மாதிரி, அவ்வளவு சுத்தமாக எண்ணியிருந்தார்கள். அவள் கண்ணுக்குத் தப்பில்லை. அவர் கண்ணுக்கும் தப்பில்லை. மீனுக்கு ஒரே வயதுதான். அந்த ஒரு நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு புகார் ஞாபகம் வந்தது.

பேசாமல் இருந்துவிடலாம். பட்டியலை மட்டும் திருத்திக் கொடுத்து, தேதிச் சீட்டில் பூரன் சிங் குழப்பிவிட்டார் என்றால் யாரும் மறுக்கப்போவதில்லை. தேதி போட்டது அவர் கைதானே. வேலையும் நீண்டுவிடும். இந்த யோசனை எவ்வளவு சுலபமாக வந்தது என்பதே அவளைப் பயமுறுத்தியது. தன்னையும் ஒரு ஆளாக எதிரே நிறுத்திச் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது என்று முதல் தடவையாகத் தெரிந்தது. யோசனை இன்னும் இனிப்பதற்குள் எழுந்து ஹரிஷங்கர் அறைக்குப் போனாள்.

அவர் அப்போதுதான் மஃப்ளரைக் கழற்றிக்கொண்டிருந்தார். மேஜையில் அதே மாதிரிப் பழுப்பு உறை.

"சார், அந்தச் சீட்டுல இருக்கிறத நீங்க என்னன்னு நெனச்சீங்க?"

"எது, கே ஏ எல்லா? கொச்சி, அரேபியன், லக்ஷத்வீப். கப்பல் போன ரூட். கோட் நம்பர்தானே?"

"கல் சார். காதுக்கல். பூரன் சிங்ஜி நாளைக்குன்னு படிச்சிருக்காரு."

அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார், மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "அரே பாப் ரே! ஒரே சீட்டு, மூணு பேரு, மூணு..." அவள் நீட்டிய பட்டியலைப் பார்த்து, விரலை ஒவ்வொரு வரியாக ஓட்டி, "வாஹ்" என்றார். பிறகு சிரிப்பு நின்றது. "முதல் நாள் எனக்கு இடது பன்னெண்டும் வரல. புது ஆளு, கெடுத்திருப்பாங்கன்னு கேக்காம விட்டேன். கேட்டிருந்தா அன்னைக்கே தீர்ந்திருக்கும்."

"சார், புகார் குடுத்தது நான்தான்."

"தெரியும். இந்த மாடில இவ்ளோ நல்லா இங்கிலீஷ் எழுதறது வேற யாரு?" உறையைத் தள்ளி வைத்தார். "எதனால என்மேல?"

சொல்லக் கூச்சமாக இருந்தது. சொன்னாள். பூட்டு, சிரிப்பு, ஜ்யோத்ஸ்னா.

"ஜ்யோத்ஸ்னாவா?" அவருக்குப் புரியவே நேரமாயிற்று. "அவ மார்க் ஷீட்ல கையெழுத்து வாங்க வந்தாம்மா. கெஸட்டட் ஆபீசர் அட்டெஸ்டேஷன். அவளுக்கு பாங்க் வேலை வேணுமாம், மீன் நாத்தமே ஆகாது."

'அங்க யாரு' என்று முதல் நாள் கேட்டதை அவள் சொல்லவில்லை. அது மட்டும் தப்பான சந்தேகமா என்று அவளுக்கு இன்னும் தெரியாது. அவர் இழுப்பறையைத் திறந்து, பூட்டி வைத்த தாளை எடுத்து அவள் முன் வைத்தார். எண்ணிக்கை நம்பகமில்லை, நீட்டிப்புக்குப் பரிந்துரைக்கவில்லை என்று எழுதி, கையெழுத்து மட்டும் போடாமல் இருந்தது. ஆக, அவள் பயந்தது முழுக்கப் பொய்யும் இல்லை. 

"இதை நான் கிழிச்சிடறேன்" என்றார். "உங்களத நீங்கதான் கிழிக்கணும். டைரக்டர்கிட்ட. எழுத்துல."

எழுத்தில் கொடுத்தாள். இந்த முறை ஒரே பத்தி. சீட்டில் எழுதிய சொல் என்னுடையது, பிழை என்னுடையது, பூரன் சிங் சொன்னபடி செய்தவர். டைரக்டர் மேடம் படித்துவிட்டு, "நீங்கள் அவரிடம் ஒரு தடவை கேட்டீர்களா?" என்று மட்டும் ஆங்கிலத்தில் கேட்டார். மெமோ இரண்டும் திரும்பப் பெறப்பட்டன. அவளுக்கு ஒரு வருஷத்துக்குப் பதில் ஆறு மாதம் நீட்டிப்பு வந்தது. கடிதம் கோப்பில் இருக்கும் என்றார்கள். மீனின் ஆயுள் ஒரு வருஷத்துக்குள் என்று பின்னால் அறிக்கை போயிற்று. அறிக்கையின் அடியில் எண்ணியவர் பெயர்களில் சுந்தரவல்லி என்றும் இருந்தது.

பூரன் சிங்கிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. இருந்த இந்தியையெல்லாம் திரட்டிக்கொண்டு போனாள். என் பாஷையில் கல் என்றால் பத்தர். புகார் எழுதியது நான். மெமோவைப் படித்தபோது மறைத்ததும் நான்.

அவர் தேய்த்துக்கொண்டிருந்த சில்லை விளக்கில் தூக்கிப் பார்த்தார். "பத்தர்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். சிரிப்பார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை.

"மைனே பூச்சா தா, மேடம்" என்றார். நான் கேட்டேனே. முதல் நாளே கேட்டேனே.

ஆமாம், அந்த ஆபீஸில் கேட்டது அவர் ஒருவர்தான்.

திங்கட்கிழமை வல்லி புதுச் சீட்டுகளோடு, ஒவ்வொன்றிலும் தேதியும் தொடர் எண்ணும் போட்டுத் தட்டை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. அலமாரியைத் திறந்து புதிதாகக் கோடு போட்ட ஒரு நோட்டை எடுத்து அவள் முன் விரித்து, பேனாவின் மூடியைக் கழற்றி வைத்தார்.

"கித்னே ஹைன், கிஸ் தாரீக் கே ஹைன். லிக்கியே. ஸைன் கீஜியே."

எத்தனை, எந்தத் தேதி, கையெழுத்து. தினமும் இனி அப்படித்தான் என்றார். குரல் மரியாதையாகத்தான் இருந்தது. அவள் பன்னிரண்டு என்று எழுதி, தேதி போட்டு, முழுப் பெயரையும் எழுதினாள். அவர் நோட்டைத் திருப்பி, மூக்குக்கண்ணாடியை இறக்கி, அவள் எழுதியதை ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தார். படித்து முடிக்கும் வரை தட்டை ஏந்தியபடி அவள் நின்றாள்.